புரோக்கன் ஹில்லைத் தளமாக வைத்துச் சுற்ற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் அடிலெய்டில் வசிக்கிறேன். புரோக்கன் ஹில்லுக்கு இதுவரை நான்கு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை சிட்னி போகும் வழியில் ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டுக் கிளம்பினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது இரண்டாவது தடவை ஐந்து நாள் தங்கியபோதுதான் புரிந்தது. அதற்கப்புறம் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

புரோக்கன் ஹில் எங்கே இருக்கிறது? அவ்வளவு தூரம் போவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், தெற்கு ஆஸ்திரேலிய எல்லையை ஒட்டி இருக்கிறது. அடிலெய்டிலிருந்து சுமார் 510 கிலோமீட்டர். தன் மாநிலத் தலைநகரான சிட்னியிலிருந்து சுமார் 1,150 கிலோமீட்டர். சுமார் 17,500 பேர் வாழும் ஊர். ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

1883இல் சார்லஸ் ராஸ்ப் என்ற, ஆட்டுப்பண்ணையின் எல்லை வேலிகளைக் கவனிக்கும் ஊழியர், உடைந்த முதுகு போல நீண்டு கிடந்த ஒரு குன்றில் கருத்த பாறையைப் பார்த்து, தகரத் தாது என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் அது ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும். உலகத்திலேயே மிகப் பெரிய படிவங்களில் ஒன்று. 1885இல் தொடங்கிய புரோக்கன் ஹில் புரொப்ரைட்டரி நிறுவனம்தான் இன்று உலகம் முழுக்க பிஎச்பி என்று அறியப்படுகிறது. அந்தக் குன்று இப்போது இல்லை, தோண்டியே தீர்த்துவிட்டார்கள். அதன் இடத்தில் ஊரின் நடுவே கருத்த கழிவுமேடு ஒன்று படுத்திருக்கிறது. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் அது கண்ணில் படும்.

இந்த ஊர், அதைச் சுற்றியுள்ள வறண்ட நிலம், அந்த நிலத்தின் பழங்குடிகள், வற்றியும் பெருகியும் ஓடும் ஓர் ஆறு. இந்த நான்கையும் ஒரே பயணத்தில் பார்க்க வசதியான இடம் இது. அதற்காகத்தான் போகவேண்டும்.

எத்தனை நாள் வேண்டும்?

குறைந்தது நான்கு இரவு. இரண்டு நாள் ஊருக்கு, இரண்டு நாள் வெளியே. இதைக் குறைக்கச் சொல்லி என்னிடம் பேரம் பேசாதவர்கள் இல்லை. வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும் இடம் போக 300 கிலோமீட்டர், வர 300 கிலோமீட்டர் என்று ஆகிவிடும். பார்க்கும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாட்களைக் குறைக்காதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. டிசம்பர், ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம், ஈக்களும் முகத்தில் மொய்க்கும். ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவுக் குளிர் எலும்பைத் தொடும். "பாலைவனம்தானே" என்று ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள்.

எப்படிப் போவது?

அடிலெய்டிலிருந்து என்றால் காரில் ஆறு மணி நேரம், நல்ல தார்ச் சாலை. யூன்டா என்ற சிற்றூரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து புரோக்கன் ஹில்லுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர், நடுவில் நம்பிக்கையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெல்போர்ன்காரர்கள் மில்டுரா வழியாக வரலாம். மில்டுராவிலிருந்து 300 கிலோமீட்டர்.

சிட்னியிலிருந்து வாரத்துக்கு ஒரே ஒரு நேரடி அரசு ரயில். திங்கட்கிழமை காலையில் கிளம்பி இரவில் போய்ச் சேரும், செவ்வாய்க்கிழமை திரும்பிவிடும். ஆகவே ரயிலிலேயே போய் ரயிலிலேயே வருவதென்றால் ஓர் இரவு தங்கலாம், இல்லையென்றால் ஒரு வாரம் தங்கவேண்டும். டப்போவில் பஸ் மாறிப் போகும் வழியும் உண்டு. சிட்னி, அடிலெய்டிலிருந்து சிறிய விமானங்கள் போகின்றன. எதில் போனாலும் அங்கே போனபின் கார் இல்லாமல் ஊருக்கு வெளியே எதையும் பார்க்க முடியாது.

சிட்னியிலிருந்து வந்தால் கடிகாரத்தை மாற்றவேண்டுமாமே?

ஆமாம், அரை மணி நேரம் பின்னால் வைக்கவேண்டும். மாநிலம் நியூ சவுத் வேல்ஸ், கடிகாரம் தெற்கு ஆஸ்திரேலியாவினுடையது. தொலைபேசிக் குறியீடுகூட அடிலெய்டின் 08தான்.

காரணம் சுவையானது. 1880களில் இங்கே வெட்டிய தாதுவை வெளியே கொண்டுபோக சிட்னி அரசு ரயில் பாதை போட்டுத் தரவில்லை. சில்வர்ட்டன் டிராம்வே என்ற தனியார் கம்பெனி 1888இல் தெற்கு ஆஸ்திரேலிய எல்லை வரைக்கும் பாதை போட்டது. தாது போர்ட் பிரி துறைமுகத்துக்குப் போனது, கடிதமும் சரக்கும் அடிலெய்டிலிருந்து வந்தன. சிட்னியோடு ரயில் இணைப்பு கிடைக்க 1927 ஆகிவிட்டது. அதற்குள் ஊரின் முகம் மேற்கே திரும்பிவிட்டிருந்தது. சரி, நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? எல்லைக்கு அருகில் இருக்கும்போது கைபேசி காட்டும் நேரத்தை மட்டும் நம்பி சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் எதைத் தவறவிடக் கூடாது?

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், கழிவுமேட்டின் உச்சியில் இருக்கும் சுரங்கத் தொழிலாளர் நினைவிடம். 2001இல் திறந்தார்கள். துருப்பிடித்த இரும்பு நிறத்தில், வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும் ஒரு கட்டடம். உள்ளே குறுகலான பாதை. இரண்டு பக்கமும் இந்தச் சுரங்கங்களில் வேலை செய்து இறந்தவர்களின் பெயர்கள், ஆண்டு வரிசையில், 800க்கும் மேல். பெயருக்குப் பக்கத்தில் எப்படி இறந்தார் என்பதும் இருக்கிறது. பாறை சரிந்து, குழியில் விழுந்து, வெடியில், ஈய நஞ்சேறி. ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவதைப் படித்துக்கொண்டே நடந்தால் அந்தப் பாதை முடிவதற்குள் நம் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. பெயர்களின் பக்கத்தில் யாரோ ரோஜாக்களைச் செருகி வைத்திருந்தார்கள். வெளியே வந்தால் முழு ஊரும் காலடியில் விரிகிறது. முதல் நாளே இங்கே போய்விடுங்கள். அதற்கப்புறம் பார்க்கும் எதையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

அடுத்தது தெருக்கள். ஆர்ஜென்ட், குளோரைடு, புரோமைடு, அயோடைடு, ஆக்சைடு, சல்பைடு, கோபால்ட். பள்ளியில் வேதியியல் படித்த குழந்தையோடு நடந்தால் நேரம் போவதே தெரியாது. ஆர்ஜென்ட் என்றால் வெள்ளி, அதுதான் கடைத்தெரு. சல்பைடு தெருவில் தொழிற்சங்கத்தின் பழைய டிரேட்ஸ் ஹால் கட்டடம் இருக்கிறது. 1919இலிருந்து 1920 வரை பதினெட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்து, நிலத்தடித் தொழிலாளர்களுக்கு வாரம் 35 மணி நேர வேலை என்ற உரிமையை வாங்கிய ஊர் இது. இன்று அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் நமக்கே வாரம் 38, 40 மணி நேரம் என்பதை நினைத்துப்பாருங்கள்.

நம்மவர்கள் அவசியம் பார்க்கவேண்டியது வடக்குப் பகுதியில் உள்ள பழைய மசூதி. ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய வடமேற்கு இந்தியாவிலிருந்தும் ஒட்டகங்களோடு வந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெளிதகரத்தால் கட்டியது. ரயில் இல்லாத இடங்களுக்கெல்லாம் சரக்கு சுமந்தவர்கள் அவர்கள்தான். இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, எல்லா நாளும் திறப்பதில்லை, விசாரித்துக்கொண்டு போங்கள். நம் கிராமத்துக் கொட்டகை அளவுக்குத்தான் இருக்கும். உள்ளே நின்றால் கடல் தாண்டி வந்தவர்கள் முதலில் கட்டிக்கொள்வது எதை என்ற கேள்வி மனசுக்குள் சுற்றும்.

தொலைதூர மக்களுக்கு விமானத்தில் போய் வைத்தியம் பார்க்கும் பறக்கும் டாக்டர் சேவையின் தளத்திலும் ஒரு பார்வையாளர் மையம் உண்டு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓவியம் பிடித்தவர்களுக்கு, முன்னாள் சுரங்கத் தொழிலாளியான புரோ ஹார்ட்டின் ஓவியக்கூடம் இருக்கிறது. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த முதல் நகரம் இதுதான் என்பதை உள்ளூர்க்காரர்கள் உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள்.

சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க முடியுமா?

இப்போது வேலை நடக்கும் சுரங்கங்களுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஆனால் சில்வர்ட்டன் என்ற பக்கத்து ஊருக்குப் போகும் வழியில் டே டிரீம் என்ற பழைய சுரங்கம் இருக்கிறது. 1880களில் கையால் வெட்டியது. தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து, வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள். பல இடத்தில் குனிந்துதான் நடக்கவேண்டும், படிகள் செங்குத்து. முட்டிவலி உள்ளவர்களும் அடைத்த இடத்தைக் கண்டு பயப்படுபவர்களும் மேலேயே இருப்பது நல்லது. மற்றவர்கள் தவறவிடாதீர்கள். வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்ன அந்த அரை நிமிடத்தில் என் கையை என் முகத்துக்கு முன்னால் ஆட்டிப்பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஊருக்கு அடியில் இன்றும் சுரங்க வேலை நடக்கிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வெடி வைப்பார்கள். நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு சாயங்காலம் மேஜைமேல் இருந்த டீ கோப்பை சாஸரோடு சேர்ந்து லேசாக நடுங்கியது. பூகம்பம் என்று நாங்கள் எழுந்து நின்றோம். வீட்டுக்கார அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஈயச் சுரங்க ஊராயிற்றே, குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

நியாயமான கேள்வி. நூறாண்டுக்கு மேல் ஈயம் தோண்டிய ஊரில் மண்ணிலும் தூசியிலும் ஈயம் இருக்கிறது. அங்கேயே வளரும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவைத் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். சில நாள் போய்வருபவர்கள் பதறத் தேவையில்லை, ஆனால் சில பழக்கங்களைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவதற்கு முன் கையைக் கழுவவேண்டும். துடைத்தால் மட்டும் போதாது. செருப்பை வாசலில் கழற்றவேண்டும், இதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தவழும் குழந்தையை வெறும் மண்ணில் விடாதீர்கள். கர்ப்பிணிகள் முன்கூட்டியே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

ஊரைச் சுற்றிப் புதரும் மரமுமாக இருக்கிறதே, பாலைவனம் என்றார்களே?

இதை யாராவது கேட்டால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கவனித்துப் பார்ப்பவர்தான் இதைக் கேட்பார்.

தமிழில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் பாலை. புரோக்கன் ஹில்லுக்கு நடந்தது அட்சரம் பிசகாமல் அதுதான். சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் அடுப்பெரிக்கவும் சுற்றுப்புறத்து மல்கா மரங்களையெல்லாம் வெட்டித் தீர்த்தார்கள். மிச்சமிருந்த செடியை ஆடும் மாடும் முயலும் மேய்ந்தன. மேல்மண் பறக்க ஆரம்பித்தது. புழுதிப்புயலில் வேலிகள் புதைந்தன, வீட்டுக்குள் மண் குவிந்தது.

ஆல்பர்ட் மோரிஸ் என்ற சுரங்க ஆய்வகப் பணியாளர், தாவரங்கள்மேல் தீராத ஆசை உள்ளவர், ஒரு எளிய யோசனை சொன்னார். பெரிதாக எதுவும் நடவேண்டாம், வேலி போட்டு ஆடு மாடு முயல் வராமல் தடுத்தால் போதும், மண்ணில் கிடக்கும் விதை தானே முளைக்கும் என்றார். 1936இல் வேலை தொடங்கியது. மழை வந்தது. வேலிக்கு உள்ளே செடி கிளம்பியது, வெளியே வெறும் மண். மோரிஸ் 1939இல் இறந்துவிட்டார், ஆனால் அந்தப் பசுமை வளையம் இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. காலையில் அந்த வேலி ஓரமாக ஒரு நடை போய்வாருங்கள். உப்புச்செடியின் சாம்பல் நிற இலையைக் கசக்கி நாக்கில் வைத்தால் உண்மையிலேயே உப்புக் கரிக்கும். (வேலிக்கு அப்பால் இருக்கும் செடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தால், ஈயத் தூசி அங்கேயும் இருக்கும். ஊரைவிட்டுத் தள்ளிப் போய்ச் சுவைத்துப்பாருங்கள்.)

அங்கிருந்து எங்கெல்லாம் போகலாம்?

தூரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அரை நாளில் முடிவது சில்வர்ட்டன், 25 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச் சாலை. புரோக்கன் ஹில் எழுந்ததும் காலியாகிப்போன ஊர், பல திரைப்படங்களுக்குப் பின்னணியாக இருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் முண்டி முண்டி சமவெளி. குன்றின் விளிம்பில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நிலம் மட்டும்தான். கடற்கரையில் நிற்பதுபோல இருக்கும், தண்ணீர்தான் இல்லை.

மெனிண்டி 110 கிலோமீட்டர், இதற்கும் நல்ல சாலை. டார்லிங் ஆறு இங்கே ஓடுகிறது. இங்குள்ள பழங்குடிகளான பார்கிஞ்சி மக்கள் அதை பாகா என்கிறார்கள், அவர்கள் பெயரே ஆற்றைச் சேர்ந்தவர்கள் என்ற பொருளில் அதிலிருந்து வந்ததுதான். பக்கத்தில் கிஞ்சேகா தேசியப் பூங்கா, ஏரிகள், தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள், பெலிக்கன் கூட்டம். இதே ஆற்றில்தான் 2023 மார்ச்சில் கோடிக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றின் மேல்பகுதியில் பருத்திக்கும் பாசனத்துக்கும் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. காவிரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

முட்டாவிஞ்சி வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர், பெரும்பகுதி மண் சாலை. 1998இல் நியூ சவுத் வேல்ஸில் பழங்குடி மக்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்ட முதல் தேசியப் பூங்கா. செம்பாறைக் கணவாய்களில் நாமே நடக்கலாம். ஆனால் பாறையில் பதித்த கைத்தடங்களும் செதுக்கல்களும் அதிகம் உள்ள வரலாற்றுப் பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டுமே போகமுடியும். பூங்கா திறந்திருக்கிறதா, சுற்றுலா எப்போது என்று கிளம்புமுன் விசாரியுங்கள். என்னுடைய நான்கு பயணங்களிலும் மனசில் தங்கிய இடம் இதுதான்.

வெயிட் கிளிஃப்ஸ், ஓபல் கல் எடுக்கும் ஊர், ஏறத்தாழ 290 கிலோமீட்டர். சூட்டுக்குப் பயந்து பூமிக்கடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள். ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். டிபூபுரா என்ற சிற்றூர் 330 கிலோமீட்டருக்கு மேல், சாலை இப்போது முழுக்கத் தார் போட்டது. முங்கோ தேசியப் பூங்காவையும் இதில் சேர்க்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். சுமார் 42,000 ஆண்டுக்கு முந்தைய மனித எலும்புகள் கிடைத்த இடம், ஆசை நியாயமானதுதான். ஆனால் அது மில்டுராவிலிருந்து 110 கிலோமீட்டர். அதை மில்டுரா பக்கம் வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண கார் போதுமா?

சில்வர்ட்டன், மெனிண்டி, வெயிட் கிளிஃப்ஸுக்குப் போதும். மண் சாலைக்கு உயரமான வண்டி நல்லது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பலவற்றில் இருக்கும்.

மழை பெய்தால் பேச்சே வேறு. முட்டாவிஞ்சியிலிருந்து திரும்பும்போது எங்களுக்கு வெறும் தூறல்தான் பிடித்தது, பத்து நிமிடம்கூட இருக்காது. செம்மண் டயரில் ஒட்ட ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இட்லி மாவு மாதிரி அடைத்துக்கொண்டு, சக்கரம் சுற்றாமல் வழுக்க ஆரம்பித்தது. கீழே இறங்கினால் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கனத்துக்கொண்டே போனது. டயர் மாற்றும் இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி மண்ணை எடுத்தோம், ஒரு மணி நேரம் ஆனது. மூடிய சாலையில் ஓட்டினால் கடுமையான அபராதமும் உண்டு. காலையில் சாலை நிலவரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் குடிதண்ணீர் வையுங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியைவிட்டு நடந்து போகாதீர்கள்.

இரவில் ஓட்டலாமா?

வேண்டாம். பொழுது சாயும்போதும் விடியும்போதும் கங்காருவும் ஈமுவும் சாலைக்கு வரும். நாலு மணிக்கே திரும்பும் திசையில் இருங்கள்.

போன் சிக்னல்?

ஊருக்குள் பிரச்சினை இல்லை. வெளியே டெல்ஸ்ட்ரா ஓரளவு, மற்றவை சொல்லும்படி இல்லை, மண் சாலைகளில் எதுவும் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஊருக்குள் பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, அரிசி பருப்பு காய்கறி எல்லாம் கிடைக்கும். சமையலறை உள்ள கேபின் எடுத்துக்கொண்டு ரைஸ் குக்கரைக் கொண்டுபோவதுதான் எங்கள் வழி. வெளியே போகும் நாளில் எலுமிச்சை சாதமோ புளிசாதமோ கட்டிக்கொள்ளுங்கள். வழியில் கடை இருக்கும் என்று நம்பாதீர்கள். இன்னொன்று, அங்கிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வரும்போது பழம் கொண்டுவரக் கூடாது, பழ ஈயைத் தடுப்பதற்கான சட்டம். ஊட்லா வீராவில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள். மிச்சப் பழத்தை அதற்கு முன்னாலேயே சாப்பிட்டு முடியுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். கூட்டிப்போகலாமா?

தாராளமாக. என் மாமியாரைக் கூட்டிப்போனேன். டே டிரீம் சுரங்கமும் முட்டாவிஞ்சியும் அவர்களுக்கு வேண்டாம். நினைவிடம், மசூதி, சில்வர்ட்டன், மெனிண்டி எல்லாம் சுகமாகப் பார்க்கலாம். நினைவிடத்தில் மாமி ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார்கள். நாங்கள் காரில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள், மாத்திரைகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

காலையில் நினைவிடம். அப்புறம் ஆர்ஜென்ட் தெருவில் நடை, மசூதி திறந்திருந்தால் அது. மதியத்துக்கு மேல் சில்வர்ட்டன் போய் முண்டி முண்டியை எட்டிப்பார்த்துவிட்டு, வெயில் தாழும்போது ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் லிவிங் டெசர்ட் குன்றுக்கு வந்துவிடுங்கள். அங்கே 1993இல் பல நாட்டுச் சிற்பிகள் செதுக்கிய 12 மணற்கல் சிற்பங்கள் உச்சியில் நிற்கின்றன. சூரியன் இறங்கும்போது ஒவ்வொரு கல்லும் காவியாகி, செம்பாகி, கடைசியில் கருத்துவிடும். இருட்டியதும் கதவைப் பூட்டிவிடுவார்கள், நேரத்தை வாசலிலேயே பார்த்து வையுங்கள். இறங்கி வரும் பாதையில் கங்காரு நிற்கும். மெதுவாக ஓட்டுங்கள்.